கறளுக்கு மேல் பூசும் பெயின்ற்

ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய பிக்கப்பை வீட்டு வளவிலேயே வைத்துத் திருத்திப் பெயின்ற் அடிப்பது எப்படி என்று உங்கள் வார இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதிலிருந்து பழைய வாகனங்களுக்கு மவுசு கூடிவிட்டது. 2025 பெப்ரவரியில் இறக்குமதி திரும்பத் தொடங்கியும் புது வாகனம் பலருக்கு எட்டாத விலையில்தான் நிற்கிறது. கொட்டிலில் கோழி அடைந்து கிடந்த மொறிஸ் மைனர் பிக்கப்புகளை வெளியே தள்ளிக் கழுவிப் பார்க்கும் காலம் இது. கட்டுரை நல்ல நேரத்தில்தான் வந்தது. ஆனால் அதில் இரண்டு பெரிய பிழைகள் இருக்கின்றன. கறளைத் தேய்த்துப் புட்டி (பள்ளம் நிரப்பும் பசை) வைத்துப் பத்து நாளில் பெயின்ற் அடித்து முடிக்கலாம் என்பது ஒன்று. அப்படிச் செய்த வாகனம் அடுத்த மாரியிலேயே கொப்பளித்துவிடும். ஹார்ட்னர் (பெயின்றை இறுகவைக்கும் திரவம்) கலந்த பெயின்றை மூக்கில் சீலையைக் கட்டிக்கொண்டு அடிக்கலாம் என்பது மற்றது. அது ஆளின் நெஞ்சைக் கெடுக்கும். வாகனத்தைத் திரும்பவும் உரிக்கலாம், நெஞ்சை அப்படிச் செய்ய முடியாது.

முதலில் வாகனத்தைப் பற்றிச் சொல்கிறேன். மைனர் கார் 1948இல் வந்தது. அதன் வானும் பிக்கப்பும் 1953இலிருந்து 1971 வரை செய்யப்பட்டன. காருக்கும் பிக்கப்புக்கும் முன்முகம் ஒன்று என்பதால் உடம்பும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். காருக்குத் தனிச் செசி (அடிச்சட்டம்) கிடையாது, தகட்டு உடம்பே அதன் எலும்பு. பிக்கப்புக்குத் தனியான இரும்புச் செசி உண்டு. முன்கூடும் பின்பெட்டியும் அதன் மேல் போல்றில் உட்கார்ந்திருக்கின்றன. வீட்டில் வேலை செய்பவருக்கு இது பெரிய வரம், ஏனென்றால் உடம்பைக் கழற்றித் தூக்கிவிட்டுச் செசியைத் தனியாகத் துப்புரவாக்கலாம். அதே காரணத்தால் ஏமாறுவதும் சுலபம். மேலே எல்லாம் மினுங்கும், அடியில் செசி பிட்டுப்போல உதிரும்.

வாங்கும்போதோ வேலை தொடங்கும்போதோ முதலில் செய்ய வேண்டியது சிறிய சுத்தியலும் கூரான திருகாணிச் சாவியும் கொண்டு செசியின் கீழே படுப்பது. நல்ல இரும்பு மணிபோலக் கேட்கும். கறள் தின்ற இடம் கடதாசிப் பெட்டியைத் தட்டுவதுபோல மந்தமாகக் கேட்கும். அந்த இடத்தில் சாவியால் குத்துங்கள். பின் வில்லுத் தகடுகள் மாட்டியிருக்கும் தாங்கிகளைச் சுற்றியும், முன்பக்கத்தில் வில்லுக்குப் பதிலாக முறுகி எடையைத் தாங்கும் முறுக்குத் தண்டுகளின் பின்முனை பொருந்தும் குறுக்குச் சட்டத்திலும் கூடுதல் கவனம் வேண்டும். செசி பெட்டிபோல மூடிய வடிவம் என்பதால் கறள் உள்ளேயிருந்து வெளியே வருகிறது. வெளியே கடுகளவு ஓட்டை தெரிந்தால் உள்ளே உள்ளங்கை அளவுக்குப் போயிருக்கும் என்று வைத்துக்கொள்வதே புத்தி.

எங்கள் யாழ்ப்பாணப் பக்கத்தில் கறள் பிடிக்கும் இடங்களுக்குக் காரணமும் எங்கள் பக்கத்தினதே. மீன்பெட்டி ஏற்றிய பிக்கப்பில் ஐஸ் உருகிய உப்புத்தண்ணீர் பின்பெட்டித் தகடுகளின் மடிப்புக்குள் இறங்கி அங்கேயே நிற்கும். வெங்காயமும் புகையிலையும் ஏற்றியதில் மட்காட்டின் உட்புறம் செம்மண் அப்பிக் கிடக்கும். அந்த மண் மாரியில் குடித்த ஈரத்தைக் கோடை வரை விடாது. கதவின் அடிவிளிம்பில் தண்ணீர் வடிவதற்கென்றே இருக்கும் துளைகள் தூசியும் பழைய பெயின்றும் சேர்ந்து அடைபட்டிருக்கும். கதவு உள்ளே குளமாகும். முன்கூட்டின் தரையில் விரித்த ரப்பரை உயர்த்திப் பாருங்கள். சாக்கு விரித்திருந்தால் அதற்குக் கீழே தகடே இருக்காது. இந்தக் காரணங்களைத் தீர்க்காமல் தகட்டை மட்டும் மாற்றினால் புதுத் தகடும் அதே வழியில் போகும்.

கழற்றும்போது ஒவ்வொரு பகுதிக்கும் படம் எடுங்கள், போல்றுகளைத் தனித்தனிப் பைகளில் போட்டுப் பெயர் எழுதுங்கள். இது தெரிந்த விடயம்தான். தெரியாமல் ஆபத்தில் மாட்டுவது முறுக்குத் தண்டில். முன்சில்லின் கீழ்க்கையை ஜக்கால் தாங்கிக்கொண்டு, மெதுவாக இறக்கி, விசையை விட்ட பிறகுதான் அதைக் கழற்ற வேண்டும். விசை இருக்கும்போது போல்றைத் தட்டினால் கை போகும். கழற்றிய தண்டுகளில் இடம் வலம் அடையாளம் வையுங்கள், மாற்றிப் பூட்டக் கூடாது. பழைய பிறேக் ட்றம்மைத் திறந்தால் உள்ளிருக்கும் கறுப்புத் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். அந்தக் காலத்து லைனிங்கில் கல்நார் (அஸ்பெஸ்ரஸ்) இருந்தது. ஈரச் சீலையால் துடைத்துப் பையில் கட்டி எறியுங்கள். பெற்றோல் தாங்கியை வெல்டிங் தொடங்க முன்னரே கழற்றி வளவின் அடுத்த மூலைக்குக் கொண்டுபோய் வையுங்கள். பத்து வருடம் வெறுமையாகக் கிடந்த தாங்கியும் வெடிக்கும். ஓட்டைத் தாங்கியை வீட்டில் ஒட்டவே வேண்டாம். இந்த வாகனத்தில் பற்றரியின் நேர்முனைதான் வாகன உடம்போடு சேர்ந்திருக்கும். பிறகு ஒல்ரனேற்றர் பூட்டியவர்கள் அதை மாற்றியிருக்கலாம். கம்பி நிறத்தை நம்பாமல் வோல்ற்மீற்றர் வைத்துப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். வெல்டிங் செய்யும்போது பற்றரியை எடுத்துவிட வேண்டும்.

பழைய பெயின்றைச் சுரண்டுவதற்கு முன் ஒரு சொல். 1950களிலும் 60களிலும் வந்த பெயின்றில் ஈயம் இருக்கும் என்று கொண்டுதான் வேலை செய்ய வேண்டும். உலர்ந்த நிலையில் இயந்திரம் வைத்துத் தேய்த்தால் அந்தத் தூள் கிணற்றடியிலும் கொடியில் காயும் சட்டையிலும் பிள்ளைகள் தவழும் விறாந்தையிலும் படியும். தகட்டில் இரசாயன நீக்கியைப் பூசி ஊறவிட்டு மழுங்கிய கத்தியால் வழித்து, கீழே விரித்த தார்ப்பாயில் சேர்த்தெடுங்கள். மிச்சத்தைத் தண்ணீர் தொட்டுத் தேய்க்கலாம். பெயின்ற் நல்ல பிடிப்போடு இருக்கிற இடத்தில் அடிவரை போகத் தேவையில்லை. ஆனால் அது எந்த இனம் என்று தெரிய வேண்டும். சீலையில் என்.சி. தின்னரை (செலுலோஸ் பெயின்றைக் கரைக்கும் திரவம்) தொட்டு ஒரு நிமிடம் வைத்துப் பாருங்கள். நிறம் கரைந்து சீலையில் வந்தால் பழைய செலுலோஸ். சுருங்கினால் எனாமல். ஒன்றும் ஆகாவிட்டால் ஹார்ட்னர் கலந்தது. எனாமலுக்கு மேல் செலுலோஸ் அடித்தால் கீழ்ப்படை வெந்த அப்பளம்போல எழும்பும். பல வருடப் பூச்சு ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கிற வாகனத்தில் இந்தப் பரிசோதனையை ஒவ்வொரு பகுதியிலும் செய்ய வேண்டும். மட்காட் ஒரு கையில், கதவு இன்னொரு கையில் பெயின்ற் கண்டிருக்கும்.

இனிக் கறள். முறுக்கிய கம்பித் தூரிகையை இயந்திரத்தில் பூட்டித் தேய்த்தால் கறள் மினுங்கும். அது போய்விட்டது என்று நினைப்பதுதான் பிழை. குழிகளுக்குள் கறுப்பாக நிற்கும் கறளைத் தூரிகை மெருகேற்றுகிறதே தவிர எடுப்பதில்லை. தகட்டில் 80 இலக்கத் தேய்ப்புத் தாளும், குழிகளில் மணல் வீச்சும்தான் சரியான வழி. பொசுபோரிக் அமிலம் கலந்த கறள் நீக்கியும் நல்லது, ஆனால் அதைப் பூசிக் காயவிட்டு அதன் மேலேயே பிறைமர் (முதற்பூச்சு) அடிக்கும் பழக்கம் கெட்டது. அமிலம் எஞ்சியிருந்தால் எபொக்சிப் பிறைமர் சரியாக இறுகாது, தகட்டைப் பிடிக்காது. காய விடாமல் தண்ணீரால் கழுவி, உடனே துடைத்து, வெயிலிலோ சூடான காற்றிலோ உலர்த்தி, தின்னரால் துடைத்துவிட்டுப் பிறைமருக்குப் போங்கள்.

கதவு விசை, பிணைச்சல், தாங்கிபோன்ற சிறு பகுதிகளுக்கு மின்பகுப்பு முறை வீட்டுக்கு ஏற்றது. பிளாஸ்ரிக் பீப்பாயில் தண்ணீர், 4 லீற்றருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா, 12 வோல்ற் பற்றரி சார்ஜர். கறள் பிடித்த பகுதி எதிர்முனையில், பழைய இரும்புத் துண்டு நேர்முனையில். இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. மாற்றிக் கொடுத்தால் உங்கள் பகுதிதான் கரையும். ஒரு இரவில் கறள் கறுத்த சேறாகி, தேங்காய்த் தும்பால் தேய்த்தாலே வந்துவிடும். நேர்முனைக்கு எவர்சில்வர் போடவே கூடாது, அதிலிருந்து நச்சுக் குரோமியம் தண்ணீரில் இறங்கும். ஐதரசன் வாயு எழுவதால் கூரையில்லாத இடத்தில் வைத்து, சார்ஜரை நிறுத்திய பிறகே கிளிப்பைக் கழற்றுங்கள். வில்லுத் தகடு, முறுக்குத் தண்டு, ஸ்ரேறிங் பகுதி எதையும் இதில் போடாதீர்கள். கடினமாக்கிய உருக்குக்குள் ஐதரசன் புகுந்தால் அது சொல்லாமல் முறியும்.

தகடு மாற்றும் வேலையில் கட்டுரை பயன்படுத்திய சொல் ஒட்டுப்போடுதல். பழைய தகட்டின் மேல் புதுத் தகட்டை வைத்து ஒட்டினால் இரண்டுக்கும் நடுவே ஈரம் நிற்கும், அங்கேதான் அடுத்த கறள் பிறக்கும். கறள் தின்ற பகுதியை நல்ல இரும்பு வரும் வரை வெட்டியெடுத்து, அதே அளவுத் துண்டை விளிம்போடு விளிம்பாகப் பொருத்த வேண்டும். மேல் உடம்புக்கு 0.9 மில்லிமீற்றர் தகடு, செசிக்கு 2 மில்லிமீற்றர். நாகம் (துத்தநாகம்) பூசிய தகட்டைப் பயன்படுத்தினால் வெல்டிங் செய்யும் விளிம்பில் பூச்சை அரைத்து நீக்குங்கள், அந்த வெள்ளைப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும். 0.6 மில்லிமீற்றர்க் கம்பியைத் தானாக ஊட்டும் மிக் வெல்டிங் இந்த மெல்லிய தகட்டுக்குப் பொருத்தம். சாதாரண வெல்டிங் கூர் ஓட்டை போடும். ஒரு பொட்டு வைத்து, 25 மில்லிமீற்றர் தள்ளி இன்னொன்று, பிறகு எதிர்ப்பக்கம், இடையில் கை வைக்கக்கூடிய சூடு வரும் வரை ஓய்வு. பொறுமையில்லாமல் ஒரே கோடாக இழுத்தால் பொனற்றும் கதவுத் தகடும் கடலலைபோல நெளியும். நெளிந்த தகட்டைப் புட்டியால் மட்டமாக்கத் தொடங்கினால் அதற்கு முடிவே இல்லை.

முன்கூட்டின் தரையையோ படியின் கீழ்ச்சட்டத்தையோ வெட்டுவதற்கு முன் கதவு வாயில் இரண்டுக்கும் குறுக்கே இரும்புச் சட்டம் வைத்துப் பொட்டுப்போட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் வாயில் சற்றே சாயும், வேலை முடிந்து கதவைப் பூட்டும் நாளில்தான் அது தெரியும். ஒவ்வொரு துண்டையும் நிரந்தரமாக ஒட்ட முன் கதவைப் பூட்டிப் பாருங்கள். சுற்றிவர 4, 5 மில்லிமீற்றர் இடைவெளி ஒரேபோல வர வேண்டும். பெயின்றுக்குப் பிறகு இடைவெளி இன்னும் குறையும் என்பதையும் கணக்கில் எடுங்கள். தகடுப் பகுதிகள் கிடைக்காது என்று மனம் சோர வேண்டியதில்லை. 1990களில் இலங்கையிலேயே மைனரின் தகடுகளை அடித்துச் செய்து பிரித்தானியாவுக்கு ஏற்றுமதி செய்தார்கள். கையால் தகடு அடிக்கத் தெரிந்தவர்கள் யாழ்ப்பாணத்திலும் இருக்கிறார்கள். போர் நடந்தபோது மண்ணெண்ணெயில் இந்த வாகனங்களை ஓட்டிய காலத்தில் வந்த கைவேலை அது. அவர்களுக்கு வேலை கொடுப்பது புட்டிப் பேணி வாங்குவதைவிட மேல்.

இரும்பு வெளித்தெரிந்த அதே நாளில் பிறைமர் ஏற வேண்டும். கடற்காற்றடிக்கிற ஊரில் ஒரு இரவு போதும், காலையில் தகடு மஞ்சளாக இருக்கும். வெறுங்கையால் தொட்டால் வியர்வையின் உப்பு விரல் அடையாளமாகப் பெயின்றின் கீழே கறளாகும், ஆகவே கையுறை போடுங்கள். இரண்டு பகுதி கலந்து பூசும் எபொக்சி பிறைமரே இதற்கு ஏற்றது. சாதாரண சாம்பல் பிறைமர் தண்ணீரை உறிஞ்சும். அதை மட்டும் அடித்துவிட்டு மாரி முழுக்க வெளியே விட்டால் கறளுக்குச் சாப்பாடு போட்ட மாதிரி. எபொக்சியைப் பேணியில் எழுதியபடி கலந்து, சொல்லியிருக்கும் நிமிடங்கள் வைத்து, இரண்டு பூச்சுக் கொடுங்கள். செசி, அடிப்பக்கம், உட்பக்கம் எல்லாம் சேர்த்தால் கலந்த அளவில் 5 லீற்றர் வரை போகும். தூரிகையாலும் பூசலாம்.

புட்டி அதற்கு மேலேதான். கற்றலோய் என்று கடையில் கேட்டு வாங்கும் பிசின் புட்டி 3 மில்லிமீற்றருக்கு மேல் தடிக்கக் கூடாது. அதற்குமேல் பள்ளம் இருந்தால் தகட்டைத் திரும்பத் தட்டுங்கள். 100 கிராம் புட்டிக்கு 2 கிராம் ஹார்ட்னர். வெயில் நாளில் 1.5 கிராம் போதும். சீக்கிரம் இறுகட்டும் என்று கூடுதலாகப் போடுவதே பெரும்பாலானவர்கள் விடும் பிழை. மிச்ச ஹார்ட்னர் மேல் பெயின்றின் ஊடாக ஊறிக் கறையாகத் தெரியும், வெள்ளைப் பிக்கப்பில் நன்றாகவே தெரியும். அடித்துக் கலக்கினால் காற்று புகுந்து ஊசித்துளை விழும், மடித்து மடித்துக் குழையுங்கள். தேய்க்கும்போது தண்ணீர் வேண்டாம். புட்டி பஞ்சுபோலத் தண்ணீரைக் குடித்து இரும்பு வரை கொண்டுபோகும். இறுகிய பெயின்றின் கீழே ஆறு மாதத்தில் எழும் கொப்பளங்களில் பல இப்படி வருபவை. கையில் தாளைப் பிடித்துத் தேய்த்தால் விரல் போன இடமெல்லாம் குழி விழும். 40 சென்ரிமீற்றர் நீளப் பலகையில் தாளை ஒட்டி, 80, 150, 240 என்று குறுக்கும் மறுக்குமாகப் போங்கள். இடையில் கறுத்த பெயின்றை மெல்லிய தூவலாக அடித்துத் தேய்த்தால் பள்ளம் கறுப்பாக நிற்கும், மேடு வெள்ளையாகும். கண்ணை நம்பாதீர்கள், அந்தக் கறுப்புப் புள்ளியை நம்புங்கள். பிறகு திரும்பவும் எபொக்சி ஒரு பூச்சு. அது இறுகியபின் 400 தாளால் தண்ணீர் தொட்டு மட்டமாக்கலாம்.

இப்போது கட்டுரையின் இரண்டாவது பிழைக்கு வருகிறேன். இதை எழுதத் தூண்டியதும் அதுவே.

2கே என்று கடையில் சொல்லும் பெயின்றின் ஹார்ட்னரில் ஐசோசயனேற் என்ற பொருள் இருக்கிறது. பெயின்றை இறுக்கி மினுக்குவது அதுதான். அதைத் துளியாகத் தெறிக்கும்போது கண்ணுக்குத் தெரியாத மூடுபனியாகக் கொட்டிலில் நிறைகிறது, பெயின்ற் தெறிக்கும் கன்னை நிறுத்திய பிறகும் அங்கே நிற்கிறது. தின்னர் மணக்கும், ஐசோசயனேற் மணக்காது. மணம் இல்லாததால் கரி நிரப்பிய முகமூடி எப்போது நிரம்பிவிட்டது என்று போட்டவருக்குத் தெரியாது. சீலையும் மெல்லிய மருத்துவ முகக்கவசமும் ஒன்றுமே இல்லாததற்குச் சமம். தொடர்ந்து சுவாசித்த சிலருக்கு உடம்பு அந்தப் பொருளுக்கு ஒவ்வாமையாகத் திரும்பிவிடும். பிறகு சிறிதளவு பட்டாலே தொய்வு (ஆஸ்துமா) வரும், நெஞ்சு இறுகும். அடிக்கும்போது ஒன்றும் செய்யாமல் இரவில்தான் இருமலாக வரும் என்பதால் பெயின்றைச் சந்தேகிக்காமல் பனியைக் குறை சொல்வார்கள். ஒருமுறை அந்த ஒவ்வாமை வந்தால் அந்தத் தொழிலே முடிந்தது. பிரித்தானியாவில் வாகனப் பெயின்ற் அடிப்பவருக்கு வெளியிலிருந்து குழாய் வழியே நல்ல காற்று ஊட்டும் முகமூடியையும், காற்றை இழுத்து வெளியேற்றும் அறையையும் எதிர்பார்க்கிறார்கள். அடித்து முடிந்த பிறகும் அறைக் காற்றுத் தெளியும் வரை முகமூடியை உயர்த்தக் கூடாது. தோல் வழியாகவும் அது உடம்பைத் தாக்கும், ஆகவே கையுறையும் முழுச் சட்டையும் வேண்டும்.

இவை எதுவும் வீட்டு வளவில் இல்லை. பக்கத்து வீட்டு ஜன்னல் பத்து மீற்றரில் இருக்கிறது. ஆகவே 2கே வேண்டுமென்றால் பிறைமர் வரை வீட்டில் முடித்து, 600 தாளில் தேய்த்து, கதவு, பொனற், மட்காட்டைக் கழற்றி, முறையான அறையுள்ள இடத்துக்குக் கொண்டுபோங்கள். மொத்தச் செலவில் அடிக்கும் கூலி சிறு பங்கு, உடல் வேலையை நீங்களே செய்துவிட்டீர்கள். இந்த அளவுப் பிக்கப்பின் உள்ளும் புறமும் பின்பெட்டியும் சேர்த்து 3 லீற்றர் பெயின்ற், 1.5 லீற்றர் ஹார்ட்னர், 10 வீதம் தின்னர், ஏறக்குறைய 5 லீற்றர் கலவை போதும். எங்கள் வெப்பத்துக்கு மெதுவாகக் காயும் தின்னரைக் கேளுங்கள். வேகமான தின்னரில் துளி தகட்டை அடைய முன்னரே காய்ந்து தோடம்பழத் தோல்போல நிற்கும்.

வீட்டிலேயே முடிக்க நினைப்பவருக்கு நல்ல வழி எனாமலும் தூரிகையும். வேலை செய்கிற பிக்கப்புக்கு அதுவே தகும் என்பது என் உறுதியான எண்ணம். 2கே அளவுக்கு மினுங்காது, சில வருட வெயிலில் மங்கும். ஆனால் கீறிய இடத்தை ஒரு மாலைப்பொழுதில் தேய்த்து நீங்களே தொட்டுவிடலாம். நுரை ரோலரால் ஒரு முழம் அகலத்துக்கு மெல்லியதாக உருட்டி, ஈரம் காய முன் நல்ல மயிர்த் தூரிகையின் நுனியால் ஒரே திசையில் வருடிவிடுங்கள். குமிழிகள் உடைந்து படை மட்டமாகும். பெயின்றில் 10 வீதம் ரர்ப்பன்ரைன் கலக்கலாம். சீக்கிரம் காய என்.சி. தின்னர் கலந்தால் கீழ்ப்படை எழும்பும். தடித்த இரண்டு பூச்சைவிட மெல்லிய நான்கு நல்லது. ஒவ்வொன்றுக்கும் நடுவே முழுதாக ஒரு நாள், பிறகு 600 தாளில் சவர்க்காரத் தண்ணீரோடு ஒரு மெல்லிய தேய்ப்பு. 5 லீற்றர் தாராளம், ஆனால் எல்லாப் பேணியையும் ஒரே நேரத்தில் வாங்கி ஒன்றாகக் கலந்துவிடுங்கள், பேணிக்குப் பேணி நிறம் சற்று மாறும். எனாமலிலும் ஹார்ட்னர் ஊற்றி அடிக்கும் வழக்கம் உண்டு. ஊற்றிய கணமே அது மேலே சொன்ன அதே நஞ்சு. ஹார்ட்னர் இல்லாத எனாமலுக்கும் கரி முகமூடி போட்டு வாசல்களைத் திறந்து வையுங்கள்.

நாளைத் தெரிவதில் கவனம் வேண்டும். மாரியில் தொடங்கவே கூடாது. தையில் காலைப்பனி இருக்கும். சோளகம் (தென்மேற்குக் காற்று) எழும்பினால் ஊர்த் தூசி முழுக்கக் கதவில் ஒட்டும். மாசிக் கடைசியிலிருந்து சித்திரை வரை காற்று அடங்கிய நாட்கள் கிடைக்கும். பிறைமர் வேலைகளை அதற்கு முன்னரே முடித்துவைத்துக் காத்திருங்கள். காலை எட்டு மணிக்குத் தகட்டில் பனிவியர்வை இல்லை என்று கையால் பார்த்துத் தொடங்கி, பதினொரு மணிக்குள் முடிக்க வேண்டும். நேர் வெயிலில் நிற்கும் பொனற்றில் பூசினால் மேல்தோல் காய்ந்து உள்ளே தின்னர் அடைபட்டுக் கொப்பளிக்கும். மாலையில் பூசினால் பூச்சிகளும் பனியும் சேர்ந்துவிடும். தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்குங்கள், குளமாக்காதீர்கள். ரயர் மினுக்கும் சிலிக்கோன் திரவத்தை அந்தக் கொட்டிலுக்குள் கொண்டுபோகவே வேண்டாம். தகட்டில் ஒரு துளி பட்டால் பெயின்ற் அந்த இடத்தைவிட்டு வட்டமாக விலகி மீன்கண் விழும். தேய்த்து எடுத்தாலும் தாளோடு பரவும்.

பிறேக் வேலையைப் பெயின்றுக்கு முன் முடியுங்கள். பிறேக் எண்ணெய் சிந்தினால் புதுப் பெயின்ற் கரைந்து வழியும், உடனே நிறையத் தண்ணீர் ஊற்றுவதே மருந்து. முன்சில்லின் கீழ்த் திருகுப் பொருத்துக்கு ஒவ்வொரு 1000 மைலுக்கும் கிறீஸ் அடிக்க வேண்டும் என்பதை பெயின்றின் மினுக்கத்தில் மறந்துவிடாதீர்கள். அது தேய்ந்து கழன்றால் ஓட்டத்திலேயே சில்லு உள்ளே மடியும். பெயின்ற் நன்றாக இறுகிய பிறகு செசியின் உள்ளும் கதவின் உள்ளும் மெழுகு கலந்த கறள் தடுப்பியைக் குழாய் வைத்துத் தெளியுங்கள், வடிதுளைகளைக் கம்பியால் திறந்துவிடுங்கள். பழைய என்ஜின் எண்ணெயை ஊற்றும் வழக்கம் வேண்டாம். அது ரப்பரை ஊதவைக்கும், சொட்டிச் சொட்டி மண்ணுக்குள்ளும் போகும். நிறத்தை மாற்றியிருந்தால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவையும் திருத்திக்கொள்ளுங்கள்.

மண்ணுக்குள் போவது பற்றி இன்னும் சொல்ல வேண்டும். குடாநாட்டின் நிலம் சுண்ணாம்புக்கல். மேலே ஊற்றியது வெடிப்புகள் வழியே நேராக நிலத்தடி நீருக்கு இறங்கும். நாங்கள் குடிப்பது அந்தக் கிணற்றைத்தான். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தூரிகை கழுவிய தின்னரை மூடிய போத்தலில் தெளியவிட்டால் மேலே தெளிந்தது அடுத்த கழுவலுக்கு உதவும், அடியில் நிற்கும் சேறு காய்ந்தபின் கட்டியாகும். ஈயத் தூளும் கறள் சேறும் அப்படியே பையில் கட்டப்பட வேண்டும். வாழைப் பாத்திக்குள் ஊற்றக் கூடாது.

பெயின்ற் விற்கும் கடைக்காரர்களிடமும் உங்கள் பத்திரிகையிடமும் இரண்டு வேண்டுகோள்கள். ஹார்ட்னரைச் சிறு போத்தலில் ஊற்றிக் கொடுக்கும்போது அது என்ன, எதனோடு எவ்வளவு கலப்பது, எந்த முகமூடி இல்லாமல் தெறிக்கக் கூடாது என்று தமிழில் ஒரு துண்டு எழுதி ஒட்டிக் கொடுங்கள். பெரிய பேணியில் அச்சடித்திருக்கும் எச்சரிக்கை சிறிய போத்தல் வாங்கும் பொடியனின் கைக்கு வருவதில்லை. அடுத்த இணைப்பில், கட்டுரையின் மிச்சத்தை எப்படிப் போட்டாலும், ஹார்ட்னர் பற்றிய பந்தியை மட்டும் திருத்திப் பெட்டிக்குள் பெரிய எழுத்தில் போடுங்கள். கட்டுரையைக் கத்தரித்துக் கொட்டில் சுவரில் ஒட்டியவர்கள் அதையும் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
கோப்பாயிலிருந்து ஒரு வாசகர்